உரிந்துபோன பதினேழு துடுப்புகள்

அத்தியாயம் மூன்று

துடுப்புத் தொழிற்சாலையின் முதலாளி செவ்வாய்க்கிழமை ஏரியில் விழுந்தார். வியாழக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்கு நாங்கள் அவர் அறைக்குள் நுழைந்தபோதும் தும்மிக்கொண்டுதான் இருந்தார்.

"கோட்டு சூட்டோட விழுந்தேன் சார்," என்றார் என்னைப் பார்த்து.

எல்லோரும் செய்கிற தப்புதான். என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு என்னைத் துப்பறிவாளன் என்று முடிவு கட்டிவிட்டார். நான் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். அதில் பாஸ் உட்கார்ந்திருந்தாள்.

பாஸ் என் அக்கா மகள். வயது முப்பத்து நாலு. அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவன் நான். இப்போது அவள் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் அவள் பையைத் தூக்கிச் சுமக்கிறேன். அதற்கு முன்னால் தபால் ஆபீஸ் புகார்ப் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்து, திட்டு வாங்கி, வாங்கிய திட்டுக்கு ரசீது கொடுத்து ஓய்வு பெற்றவன். வேலை நேரத்தில் அவளை "பாஸ்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அவள் மட்டும் என்னை ஊரறிய "மாமா" என்பாள். அதற்கு ஒரு சட்டமும் இல்லை.

"விழுந்த கதையைச் சொல்லுங்க," என்றாள் பாஸ்.

"வெளியூர்லேர்ந்து துடுப்பு வாங்க வந்தவங்க பன்னிரண்டு பேர் கரையில நிக்கறாங்க மேடம். எங்க துடுப்பு உடையவே உடையாதுன்னு மார்தட்டிட்டு நானே படகுல ஏறினேன். பலம் கொடுத்து ஒரு இழுப்பு. துடுப்பு உடையல."

"பின்னே?"

"தோல் உரிஞ்சுது! வாழைப்பழம் மாதிரி! துடுப்பு ஒரு பக்கம் போச்சு, தோல் ஒரு பக்கம் போச்சு, நான் நடுவுல போனேன்." ஒரு தும்மல் போட்டார். "இதோட பதினேழு. நாலு மாசத்துல பதினேழு துடுப்பு உரிஞ்சிருக்கு. இது சதி மேடம். யாருன்னும் எனக்குத் தெரியும். நீங்க ஆதாரத்தை மட்டும் கண்டுபிடிச்சா போதும்."

"சமைச்சு வச்சுட்டு அடுப்பைத் தேடற மாதிரி இருக்கே," என்றேன்.

பாஸ் என் காலை மிதித்தாள். ஆபீஸ் நேரத்தில் மிதிக்கலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது போல.

முதலாளி மேஜையில் தட்டச்சு செய்த ஒரு தாளைத் தள்ளினார். போலீஸ் புகார். கையெழுத்து மட்டும் பாக்கி. அவருக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர் நாலு மணிக்கு வருகிறாராம். அதில் குற்றவாளியாகக் காட்டப்பட்டிருந்த பெண் அங்கே பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். பிளாஸ்மா மெஷினை ஓட்டுவதால் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் 'பிளாஸ்மா அக்கா'. போட்டிக் கம்பெனியின் விசிட்டிங் கார்டு அவள் டிராயரில் கிடைத்ததாம். கார்டைப் பார்த்த அன்றே முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது.

"நாலு மணிக்குள்ள வேலையும் போகும், பேரும் போகும்," என்றாள் பாஸ், வெளியே வந்ததும். "மூணு மணி நேரம் இருக்கு மாமா. நடங்க."

பிளாஸ்மா அறையில் குளியல் தொட்டி அளவுக்கு ஒரு மெஷின் இருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே ஊதா நிறத்தில் வெளிச்சம் எரிந்தது. மின்சாரம் பாய்ந்து ஒளிரும் வாயுவாம், அதுதான் பிளாஸ்மா. பக்கத்தில் நின்ற பிளாஸ்மா அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் துணி கட்டி, கையில் வெள்ளை உறை மாட்டியிருந்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஆதாரம் தேட வந்தவங்களா? தேடுங்க. டிராயர் அந்தப் பக்கம்."

"கார்டு?" என்றாள் பாஸ்.

"வேலைக்குக் கூப்பிட்டாங்க. வரமாட்டேன்னுட்டேன். அதுல நம்பர் இருக்கு, அவங்களையே கேட்டுக்குங்க. கார்டை ஏன் வச்சிருந்தேன்னு அடுத்துக் கேப்பீங்க. டிராயர் மூடாம ஆடுச்சு. மடிச்சுச் சொருகினேன்."

நான் டிராயரை இழுத்துப் பார்த்தேன். கார்டு இல்லாத டிராயர் ஆடத்தான் செய்தது. பாஸ் வெளியே போய், முதலாளியிடமிருந்த கார்டை வாங்கி அந்த நம்பருக்குப் பேசிவிட்டு வந்தாள். "மூணு தடவை கூப்பிட்டாங்களாம், மூணு தடவையும் திட்டு வாங்கினாங்களாம்," என்றாள். அக்காவின் முகத்தில் எள் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

"இந்த மெஷின் என்னக்கா பண்ணுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றேன்.

"துடுப்புக்கு உள்ளே கார்பன் துணி. கல்லுல உரசினா தாங்கணும்னு மேல மெல்லிசா பிளாஸ்டிக் தகடு. இந்தப் பிளாஸ்டிக் இருக்கே, அது எதையும் கிட்ட சேர்க்காது. பசை தடவினா காயும், ஒட்டாது. ஒரு தட்டு தட்டினா கையோட வந்துரும். அதனால ஒட்டறதுக்கு முன்னாடி தகடு இதுக்குள்ள போகும். மேல்தோலை மட்டும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு, கிள்ளி விடும். அப்புறம் பசை போட்டா விடாது."

"கிள்ளி விட்டுச்சான்னு எப்படித் தெரியும்?"

அக்கா ஒரு புதுத் தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அது உருண்டையாக நின்றது. மெஷினிலிருந்து அப்போதுதான் எடுத்த தகட்டில் ஒரு சொட்டு விட்டாள். அது பரந்து படிந்தது.

"உருண்டா தப்பு, பரவினா சரி. ஒண்ணாங்கிளாஸ் பாடம்," என்றாள்.

பாஸ் ஒரு காரியம் செய்தாள். பரவிய தண்ணீரை ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள். அதே இடம் காயும்வரை காத்திருந்து மறுபடி ஒரு சொட்டு விட்டாள். மறுபடியும் பரவியது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எதற்கு ஆட்டினாள் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்தமாதிரி நானும் ஆட்டினேன். உதவியாளன் வேலையில் பாதி இதுதான்.

அக்கா தகட்டின் ஓரத்தில் சிவப்பு மெழுகு பென்சிலால் ஒரு டிக் போட்டு, சுவரிலிருந்த சின்ன ஜன்னலைத் திறந்து அதை மறுபக்கம் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் ஜன்னலையும் சாத்தினாள்.

"அந்தப் பக்கம் யாரு?" என்றேன்.

"பசை மாஸ்டர்."

"பேச மாட்டீங்களா?"

"பேச மாட்டேன். என் தம்பி."

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு 'ஆனாலும்' வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் வீட்டு விசேஷத்தில், எல்லார் எதிரிலும், தம்பி இந்த மெஷினை 'ஹேர் டிரையர்' என்று சொல்லிவிட்டானாம்.

"நீங்க சும்மா இருந்தீங்களா?" என்று கேட்டாள் பாஸ்.

"நான் எதுக்குச் சும்மா இருக்கணும்? நீ பண்றது போஸ்டர் ஒட்டற வேலைன்னு சொன்னேன். அவன் சொன்னது பொய். நான் சொன்னது உண்மை. கோபம் மட்டும் அவனுக்கு வந்துச்சு."

அக்காவும் தம்பியும் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில், ஒரு நாளைக்கு ஒன்பது தகடு கைமாற்றிக்கொண்டு, நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில்கூட இந்த அளவுக்கு ஒழுங்காகச் சண்டை போட்டவர்கள் கிடையாது.

பசை மாஸ்டரின் அறைக்குச் சுற்றிக்கொண்டு போனோம். ஒல்லியான மனிதர். விரலெல்லாம் காய்ந்த பசை. பாஸ் கேட்ட எதற்கும் மூன்று வார்த்தைக்கு மேல் பதில் வரவில்லை. சந்தேகப்படுவதற்கு இதைவிட வசதியான ஆள் கிடைப்பது கஷ்டம் என்று எனக்குப் பட்டது.

"உங்க அக்கா வேலையில ஏதாவது குறை?"

"இல்ல."

"உங்களுக்குள்ள பேச்சே இல்லையாமே?"

"பேசறதில்லன்னா அதுக்காகப் பொய் சொல்லணுமா?" என்றார். அது நாலு வார்த்தை.

உரிந்த துடுப்புகள் மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. முதலாளியை ஏரிக்கு அனுப்பி வைத்ததும் அதில் ஒன்று. பாஸ் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கார்பன் துணி பக்கம் ஏதும் பிரச்சினையா இருக்குமோ?"

"இருக்காது. அந்த நாருக்கு மில்லிலேயே பூச்சு போட்டு அனுப்பறாங்க. பசை நல்லா ஊறிப் பிடிக்கும். உரியறது எப்பவும் பிளாஸ்டிக் பக்கம்தான்." தொழில் என்று வந்ததும் மனிதருக்கு வாய் திறந்துவிட்டது.

பசை கெட்டியாக, கண்ணாடிபோல் இறுகியிருந்தது. அதன்மேல் பாஸ் நகத்தால் சுரண்டினாள். நகத்தில் மெல்லிய வெள்ளைப் பொடி ஒட்டியது.

"மாமா, இது என்ன?"

"பொடி."

"பசையில ஏது பொடி?"

"பொடுகா இருக்குமோ?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் ஓய்வூதியமே நின்றுபோயிருக்கும். "பசை விடல மாமா. நல்லாத்தான் பிடிச்சிருக்கு. அது பிடிச்ச இடம்தான் பிய்ஞ்சு வந்திருக்கு."

ஒட்டுவதற்காக மேஜையில் அடுக்கி வைத்திருந்த தகடுகளில் மேலே இருந்ததை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அடடா, அது பரவிய பரவலைப் பார்க்க வேண்டும்! அக்கா அறையில் பார்த்ததைவிட இரண்டு மடங்கு. பசை மாஸ்டர் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

பாஸ் ஈரத் துணியை எடுத்தாள். துடைத்தாள். துடைத்த இடம் காய்ந்ததும் மறுபடி ஒரு சொட்டு விட்டாள்.

சொட்டு உருண்டையாக எழுந்து நின்றது.

பசை மாஸ்டரின் பெருமை இறங்கியது. அவர் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துடைச்சா ஒண்ணும் ஆகல," என்றாள் பாஸ் வெளியே வந்ததும். "இந்தப் பக்கம் துடைச்சா எல்லாம் கழண்டு வருது. அக்கா கையை விட்டுத் தகடு போனதுக்கு அப்புறம், பசை தடவறதுக்கு முன்னாடி, யாரோ ஏதோ பண்றாங்க."

"யாரோ என்ன யாரோ? அந்த ரூம்ல இருக்கறது அந்த ஒரே ஆளு!"

"ஆளு தெரியுது. என்ன பண்றார்னு தெரியணும். ஏன்னும் தெரியணும். மாமா, தகட்டோட ஓரத்தை வெட்டிட்டுத்தானே துடுப்பு பண்றாங்க? அந்த டிக் போட்ட ஓரமெல்லாம் எங்கே போகும்?"

அது எங்கே போகும் என்று அடுத்த பத்து நிமிடத்தில் எனக்கு நன்றாகவே தெரிந்துவிட்டது. தொழிற்சாலையின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. கழிவு எடுக்கிறவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவாராம்; போன முறை வந்து நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறதாம். பாஸ் தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பாப்பா," என்றேன். அவளுடைய சட்டம் எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "எனக்கு முழங்கால் வலி."

"முழங்காலுக்கு உள்ளே ஒரு வேலையும் இல்ல மாமா. கைக்குத்தான் வேலை."

ஏறிக் குதித்தேன். வெட்டிய ஓரங்களைப் பசை மாஸ்டர் நாள்வாரியாகக் கட்டி, கட்டுக்கு ஒரு சீட்டில் தேதி எழுதிப் போட்டிருந்தார். குப்பையைக்கூட இத்தனை ஒழுங்காகப் போடுகிற மனிதன் சதி செய்கிறான் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டிக்குள் நிற்கிறவனுக்கு யார்மேலும் நல்ல அபிப்பிராயம் வராது. கட்டுகளோடு கைக்கு அடக்கமான சின்ன காஸ் டப்பாக்களும் கிடந்தன. எல்லாம் காலி. எண்ணினேன். முப்பத்து ஒன்று.

"இது எதுக்கு?" என்று கத்தினேன்.

பாஸ் ஸ்டோர் பையனைக் கேட்டுவிட்டு வந்தாள். "பசை மாஸ்டரோட கைச்சுடர் விளக்குக்கு, நெருப்பு ஊதற சின்னக் கருவி. துடுப்போட விளிம்பைச் சரி பண்ணன்னு மாசத்துக்கு ஒரு டப்பா போதுமாம்."

"நாலு மாசத்துக்கு நாலு. மீதி இருபத்தேழு?"

"கட்டை எடுங்க மாமா. பழசுலேர்ந்து."

அடியிலிருந்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துக் கொடுத்தேன். பழைய கட்டுகளில் அக்காவின் சிவப்பு டிக் பளிச்சென்று இருந்தது. மேலே மேலே வர, டிக் மாறியது. ஓரம் உருகி, வழிந்து, பழுப்பேறி, சமீபத்திய கட்டுகளில் டிக் எது, கறை எது என்றே தெரியவில்லை.

"டிக் எப்போ போடறாங்க?" என்றாள் பாஸ்.

"மெஷின்லேர்ந்து எடுத்த பிறகு."

"அப்போ அந்த மெழுகு ஏன் உருகியிருக்கு?"

எனக்கு முதுகு சிலிர்த்தது. முதுகில் ஏதோ பூச்சியும் ஊர்ந்தது என்று பிறகுதான் தெரிந்தது. "மெஷினுக்கு அப்புறம் நெருப்பு காட்டியிருக்கான்!"

"எந்தத் தேதியிலேர்ந்து?"

நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு பதினேழாம் தேதிக் கட்டிலிருந்து எல்லா டிக்கும் உருகியிருந்தது. பதினாறாம் தேதிக் கட்டில் இருந்த டிக்கெல்லாம் பளிச்சென்று இருந்தது. முதல் துடுப்பு உரிந்தது அதற்கு அடுத்த வாரம். நான் வெற்றியில் தொட்டிக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். பாஸ் ஆடவில்லை. பதினாறாம் தேதிக் கட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அது என்ன?"

"அது அப்புறம். மணி மூணேகால். வாங்க. மேல ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க."

ஒட்டாதது எது என்று பார்ப்பது சுலபமாக இருந்தது.

முதலாளியின் அறையில் எல்லோரும் கூடியபோது மணி மூன்றரை. பிளாஸ்மா அக்கா கதவோரம் நின்றாள். தம்பி எதிர்க் கதவோரம் நின்றார். இருவரும் தங்கள் தங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ் காலி காஸ் டப்பாவையும் உருகிய டிக் போட்ட துண்டுகளையும் மேஜையில் வைத்தாள். சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

முதலாளி எழுந்துவிட்டார். "அக்கா இல்ல, தம்பியா! அக்காமேல இருக்கற கோபத்துல என் துடுப்பைக் கெடுத்து, பழியை அவங்க மேல போட்டு..."

"ஆமா," என்றார் பசை மாஸ்டர். "நான்தான். எழுதிக்குங்க."

பிளாஸ்மா அக்கா முதல் முறையாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வருட வேலையைத் தன் கூடப் பிறந்தவனே பறிக்கப் பார்த்தான் என்று கேட்டால் எவளுக்குத்தான் தாங்கும்? அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்ததும், தொட்டிக்குள் ஆடியதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது.

"இவ்வளவு சீக்கிரம் யாரும் ஒத்துக்க மாட்டாங்களே," என்றாள் பாஸ் மெதுவாக. "மாஸ்டர், ஒண்ணு கேக்கறேன். கெடுக்கணும்னா பசையில ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா போதும். எதுக்கு இருபத்தேழு டப்பா காஸ் செலவு பண்ணி, ஒவ்வொரு தகடையும் மூலை மூலையா சுட்டு, தண்ணி விட்டுப் பார்த்து, பரவுதுன்னு சந்தோஷப்பட்டீங்க? கெடுக்கறவன் சரி பார்ப்பானா?"

பசை மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

பாஸ் தன் பைக்குள்ளிருந்து அந்த ஒற்றைத் துண்டை எடுத்து வைத்தாள். "பதினாறாம் தேதிக் கட்டுல ஒன்பது துண்டு. எட்டுல டிக் இருக்கு, எதுவும் உருகல. இது ஒன்பதாவது. இதுல டிக்கே இல்ல. ஆனா இது மட்டும் சூடு பட்டு நெளிஞ்சிருக்கு."

"மேடம்," என்றார் பசை மாஸ்டர். "அந்தத் துண்டை மட்டும் விட்டுருங்க. நான்தான் வேணும்னு பண்ணேன்னு எழுதிக்குங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

"விட முடியாது. அன்னிக்கு மெஷினுக்குள்ள போகாத ஒரு தகடு உங்க கைக்கு வந்துச்சு. முதலாளிக்குத் தெரிஞ்சா அக்கா வேலை போயிரும். அக்காகிட்ட சொல்லலாம்னா பேச்சு இல்ல. அதனால யாருக்கும் தெரியாம, மெஷின் மாதிரியே சுடரும் மேல்தோலைக் கிள்ளும்னு நீங்களே சுடர் காட்டிச் சரி பண்ணீங்க. அடுத்த நாள் இன்னொண்ணு அப்படி வந்துருமோன்னு பயம். எல்லாத்துக்கும் காட்டினீங்க."

"ஒரு தடவைதான் காட்டினேன் முதல்ல," என்றார் மாஸ்டர். "அப்புறம் துடுப்பு உரிய ஆரம்பிச்சுது. போதலையோன்னு ரெண்டு தடவை காட்டினேன். இன்னும் உரிஞ்சுது. இப்போ நாலு."

"அங்கேதான் தப்பு. மெஷின் கிள்ளினது போதும். அதுக்கு மேல நெருப்பு காட்டக் காட்ட மேல்தோல் நொறுங்கிப் பொடியாயிரும். தண்ணி பிரமாதமா பரவும். பசையும் அந்தப் பொடியை இறுக்கிப் பிடிச்சுக்கும். ஆனா பொடி தகட்டைப் பிடிச்சுக்கல. ஈரத் துணியில துடைச்சாலே வந்துருது, ஏரியில இழுத்தா நிக்குமா? நீங்க காப்பாத்தக் காப்பாத்த அது உரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

முதலாளிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "அப்போ, ஆரம்பத் தப்பு அக்காவோடதுதான்! மெஷின்ல போடாத தகட்டை..."

"நான் அனுப்பல," என்றாள் பிளாஸ்மா அக்கா.

எல்லோரும் திரும்பினோம்.

"பதினாறாம் தேதி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். எட்டு தகடு முடிச்சு ஜன்னல்ல வச்சேன். ஒன்பதாவது மெஷின் மேலேயே கிடந்துச்சு. டிக் போடாததை என் கை ஜன்னல்ல வைக்காது. அன்னிக்குக் கூட வைக்கல."

"அப்போ நீங்க போன பிறகு அந்த ரூம்ல இருந்தது யாரு?" என்றாள் பாஸ்.

முதலாளிக்கு வந்துகொண்டிருந்த தும்மல் பாதியில் நின்றுவிட்டது.

"'நீங்க போங்கம்மா, இங்கே நான் பார்த்துக்கறேன்'னு..." அக்கா யோசித்து யோசித்துச் சொன்னாள். "முதலாளிதான் சொன்னார்."

"நான் ஒண்ணும் பண்ணலியே!" என்றார் முதலாளி. "மெஷின் மேல ஒரு தகடு தனியா கிடந்துச்சு. பாவம், அவசரத்துல எடுத்து வைக்க மறந்துட்டாங்கன்னு ஜன்னல்ல வச்சேன். இடம் பார்க்க நீட்டா இருக்க வேண்டாமா?"

"டிக் இருக்கான்னு பார்த்தீங்களா?"

"டிக்கா?" அவர் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "என்ன டிக்?"

பன்னிரண்டு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஒன்பது டிக் விழுகிறது. அதைச் சொல்லிக்காட்டும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. எனக்கு இருந்தது.

"சார், அந்தப் புகாரை வீணாக்க வேண்டாம்," என்றேன். "பேரை மட்டும் மாத்தினா போதும். மத்ததெல்லாம் அப்படியே பொருந்துது."

இந்த முறை பாஸ் என் காலை மிதிக்கவில்லை.

முதலாளி நல்ல மனிதர்தான். காது மடல் சிவந்தது, மூக்கு ஏற்கெனவே சிவந்திருந்தது. புகாரை எடுத்து இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழிக்கப் பார்த்து முடியாமல் குப்பைக்கூடையில் போட்டார். "இன்ஸ்பெக்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடறேன்," என்றார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து அக்காவின் எதிரில் போய் நின்று, "மன்னிச்சுக்குங்கம்மா. பன்னிரண்டு வருஷம் பார்த்தும் உங்களைத் துரோகியா நினைச்சுட்டேன்," என்றார். அதைச் சொல்ல அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் முழுசாகச் சொல்லி முடித்தார்.

"பதினேழு துடுப்புக்கும் தகடு நான் புதுசா போட்டுத் தரேன்," என்றாள் அக்கா. "ஆனா எனக்கு லீவு கொடுத்தா அந்த ரூமைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துட்டுப் போயிருவேன். நீங்க உள்ளே வரக் கூடாது."

"வரவே மாட்டேன்," என்று முதலாளி தும்மிக்கொண்டே இன்ஸ்பெக்டரை வாசலில் மடக்கப் போனார்.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"டேய்."

நாலு மாதத்தில் முதல் வார்த்தை. பசை மாஸ்டர் நிமிர்ந்தார்.

"நாலு மாசமா ஒவ்வொரு தகடா சுட்டுக்கிட்டு இருந்தியா?"

"ம்."

"எனக்காகவா?"

"பின்னே, அந்த ஹேர் டிரையருக்காகவா?"

"ஜன்னலைத் தட்டி, 'அக்கா, ஒண்ணு தப்பா வந்திருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனையும் உண்டா? வாய்ல என்ன உன் பசையையே தடவி வச்சிருந்தியா?"

"நீயும்தான் பேசல."

"நான் பெரியவ. நான் பேச மாட்டேன். நீ பேசணும்."

பசை மாஸ்டர் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தார். பிறகு, "மச்சான் கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

அக்கா எங்களைப் பார்த்து, "நாலு மாசம் கழிச்சுக் கேக்கறான் பாருங்க," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை, அழுதுவிட்டாள். "நல்லாத்தான் தெரியுது அவருக்கு. கட்டு அவுத்த அன்னிலேர்ந்து ஒரே கேள்வி. எல்லாரும் தெரியறாங்க, உன் தம்பி மட்டும் தெரியலையேங்கறார். நான் என்னன்னுடா சொல்லுவேன்?"

பசை மாஸ்டர் இரண்டு எட்டில் அவளிடம் போய்க் கையை நீட்டினார்.

"தொடாதே! முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வா!"

பசைக் கையைக் கழுவ அதிகம் போனால் ஐந்து நிமிடம் ஆகும். மாஸ்டர் கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார். முகத்தையும் கழுவியிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவரிடம் நீட்டி, "துடைச்சுக்கோ. சாயந்திரம் வீட்டுக்கு வரணும், அவர் பார்க்கணும்," என்றாள்.